பாழ்படும் மடங்களும் பாதுகாக்கும் கடமையும்

தமிழில் 'பள்ளி' என்னும் சொல்லுக்குள்ள வரலாறு வியப்பிற்குரியதாகும். சமண முனிவர்களும் பௌத்தத் துறவியரும் தங்கித் தவமியற்றிய இடம் பள்ளி எனப்பட்டது. தம்மை நாடி வந்தோர்க்கு அவர்கள் எழுத்தும் அறமும் கற்பித்தமையால் கல்வி புகட்டும் இடமும் பள்ளி என வழங்கலாயிற்று. பின்னர்க் கடல்வழி வந்த இசுலாமிய வணிகரும், இம்மண்ணிலேயே பிறந்து இசுலாத்தைத் தழுவிய தமிழரும் தாம் தொழும் இடத்தைக் குறிக்கப் புதிய சொல் ஒன்றைத் தேடவில்லை. ஊரார் வாயில் ஏற்கனவே வழங்கிய பள்ளி என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டனர். பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டு ஒன்று 'சோனகச் சாமந்தப் பள்ளி' என ஒரு பள்ளிவாசலைக் குறிப்பிடுகின்றது. துறவியின் படுக்கையும், மாணவனின் பலகையும், தொழுவோரின் பாயும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய பெருமை தமிழுக்கு உண்டு.

நம் நகரின் பெயரிலேயே அச்சொல் அமைந்துள்ளது. மலைக்கோட்டையின் உச்சிப்பகுதிக்குப் பின்புறமுள்ள குகையில் சமணத் துறவியர் பயன்படுத்திய கற்படுக்கைகள் உள்ளன. அங்குப் பொறிக்கப்பட்ட பெயர்களுள் ஒன்று 'சிரா' என்பது. சிரா என்னும் துறவி தங்கிய பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. அவ்வாறாயின், பல இலட்சம் மக்கள் வாழும் இப்பெருநகரம் ஒரு துறவி மடத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது எனலாம். பெயரில் மடத்தைச் சுமக்கும் ஊர், தன்னிடமுள்ள பழைய மடங்களை எவ்வாறு நடத்துகின்றது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

துறவியர் வாழ்ந்து நீங்கிய பழைய கட்டடங்களைச் சீரமைத்து அருங்காட்சியகங்களாக்க வேண்டும் என்னும் குரல் உலகெங்கும் எழுந்து வருகின்றது. இதை ஆதரிப்போர் உளர், ஐயுறுவோரும் உளர். பயன் இழந்த கட்டடம் நிலைக்காது. ஆதலால் அதற்குப் புதுப்பயன் ஒன்றைத் தந்தே காக்க வேண்டும் என்பதும், ஆனால் அப்பயன் அக்கட்டடத்தின் சொந்த வரலாற்றை மறைப்பதாக இருத்தலாகாது என்பதும் எம் கருத்தாகும்.

இடிந்த விகாரம்

காப்பாற்றத் தவறினால் நேர்வது யாது என்பதற்கு நாகப்பட்டினம் சான்று பகரும். ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் அவன் மகன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் அங்கே ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பினான். சைவப் பெருவேந்தனாகிய முதலாம் இராசராசன் அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய ஏடுகளில் 'இராசராசப் பெரும்பள்ளி', 'இராசேந்திர சோழப் பெரும்பள்ளி' என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. பள்ளி என்னும் சொல்லை இங்கும் நாம் சந்திக்கின்றோம்.

அப்பௌத்தக் கட்டடத் தொகுதியின் எச்சமாகக் கருதப்படும் செங்கற் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாகையில் நின்றது. மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். மாலுமிகள் சீனக் கோபுரம் என்றனர். 1846-இல் சர் வால்டர் எலியட் அதனை நேரிற் கண்டு குறிப்பெழுதினார். மூன்று நிலைகளுடன், சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கற்களால் ஆன சதுரக் கோபுரமாக அது இருந்ததென அவர் குறிப்பால் அறிகின்றோம். 1867-இல் அக்கோபுரம் இடிக்கப்பட்டது. அருகே கல்விப் பணியாற்றி வந்த இயேசு சபையார் விண்ணப்பித்தனர். ஆங்கில அரசு இசைவளித்தது. அவர்கள் 1844-இல் நாகையில் தொடங்கிய அக்கல்லூரியே 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்து, இன்று மலைக்கோட்டை அடிவாரத்தில் புகழுடன் விளங்கும் தூய வளனார் கல்லூரி என்பது குறிப்பிடத்தக்கது.

இதனைக் கூறுவது ஒரு சபையாரைக் குறைகூறுதற்கன்று. அக்காலத்தில் பாழ்பட்ட கோபுரம் ஒன்றைச் செங்கற் குவியலாகக் கருதுவது பொதுவான மனப்பாங்காக இருந்தது. கல்வி வளர்ப்பதற்காகவே அவர்கள் இடம் கேட்டனர் என்பதையும் மறத்தலாகாது. நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. அக்கோபுரத்தில் வாழ்வோர் இல்லை. அதனைத் தமதென்று உரிமை கொண்டாடுவோர் இல்லை. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இம்மூன்று 'இல்லை'களுமே அதனை வீழ்த்தின. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடல்வணிக உறவின் சாட்சியம் ஒரே உத்தரவில் மறைந்தது. 1856 தொடங்கி நாகையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளுள் பெரும்பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவற்றை இன்று கண்டு மகிழ்கின்றோம். அவை நின்ற வீட்டைக் காண இயலவில்லை. பொருளைக் காத்துப் பொருளிருந்த இடத்தை இழந்தோம்.

பிழைத்த மண்டபம்

இதற்கு மாறான சான்று நம் திருச்சியிலேயே உள்ளது. மதுரையிலிருந்து தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கொலுமண்டபம், அவர் தேவியின் பெயரால் இராணி மங்கம்மாள் மகால் என வழங்குகின்றது. அது துறவியர் மடமன்று, அரசர் மண்டபம். ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அதன் வரலாறு மிகவும் ஏற்புடையது. நாயக்கருக்குப் பின் நவாபுகள், நவாபுகளுக்குப் பின் ஆங்கிலேயர் எனப் பல கை மாறியும் அம்மண்டபம் வெறுமையாக விடப்படவில்லை. ஒவ்வொரு காலத்திலும் அதற்கு ஏதேனும் ஒரு வேலை இருந்தது. 1983-இல் திருச்சியில் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் பின்னர் அம்மண்டபத்திற்கு வந்து சேர்ந்தது. கற்சிற்பங்களையும் நாணயங்களையும் காணச் செல்வோர், அண்ணாந்து பார்த்தால் அக்கட்டடமே முதற்காட்சிப் பொருளாக நிற்பதை உணர்வர்.

மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை பேரனின் சார்பில் ஆட்சி புரிந்தவர். சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர் என மக்கள் இன்றும் போற்றும் அவ்வரசியார், திருச்சி நத்ஹர்வலி தர்காவிற்கு நிலக்கொடை அளித்தமையும் வரலாற்றில் பதிவான செய்தியாகும். ஓர் அரசியின் மண்டபமும், அவர் கொடை பெற்ற ஓர் இறைநேசரின் அடக்கத்தலமும் ஒரே நகரில் இன்றும் நிற்கின்றன. ஒன்று அருங்காட்சியகமாக நிற்கின்றது; மற்றொன்று வழிபாட்டிடமாகவே நிற்கின்றது. இரண்டும் காக்கப்பட்டமைக்குக் காரணம் ஒன்றே. இரண்டிலும் நாள்தோறும் மனிதர் நடமாட்டம் உண்டு. கூரையில் ஓட்டை விழுந்தால் கண்டு சொல்ல ஆளுண்டு. விளக்கேற்றப்படும் வீட்டில் கறையான் எளிதில் குடியேறுவதில்லை என்பது நம் முன்னோர் அறிந்த உண்மை.

பிற நாடுகள் காட்டும் வழி

இனி வெளியுலகை நோக்குவோம். இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் சான் மார்க்கோ என்னும் தொமினிக்கத் துறவியர் மடம் 1869-இல் அருங்காட்சியகமாயிற்று. ஃபிரா ஆஞ்செலிக்கோ என்னும் துறவி 15-ஆம் நூற்றாண்டில் அம்மடத்தின் சிற்றறைச் சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் அவை தீட்டப்பட்ட இடத்திலேயே இருக்கின்றன. பார்வையாளர் ஒவ்வோர் அறையாகக் குனிந்து நுழைந்து, ஒரு துறவி தனிமையில் கண்ட ஓவியத்தைத் தாமும் தனித்து நின்று காண்கின்றனர். அங்குக் கட்டடமும் காட்சிப் பொருளும் பிரிக்க இயலாதன.

துருக்கி நாட்டுக் கொன்யா நகரின் செய்தி நம் சமுதாயத்தார் சிந்திக்கத்தக்கது. மௌலானா ஜலாலுத்தீன் ரூமி அவர்கள் அடங்கப்பெற்ற அத்தலத்தைச் சூழ்ந்து மௌலவிய்யாத் தரீக்காவினரின் தர்வேசுக் கூடம் இருந்தது. 1925-இல் துருக்கி அரசு தர்வேசுக் கூடங்கள் அனைத்தையும் மூடிற்று. 1927-இல் கொன்யாக் கூடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. தர்வேசுகள் தங்கிய சிற்றறைகளும், ஆயிரத்தொரு நாள் பணிவிடை செய்து புதியோர் பயிற்சி பெற்ற மடைப்பள்ளியும் இன்று அங்கே காட்சிக்குரியன. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். அருங்காட்சியகம் என்று பெயர் பலகை கூறினும், அடக்கத்தலத்தின் முன் கையேந்தி நிற்போர் குறையவில்லை. கட்டடம் பிழைத்தது உண்மை. ஆனால் அங்கு வாழ்ந்தோர் தாமாக நீங்கவில்லை, சட்டத்தால் நீக்கப்பட்டனர். வாழ்வோரை வெளியேற்றிவிட்டு அவர்களின் பாத்திரங்களைக் கண்ணாடிப் பேழையில் வைப்பது பாதுகாப்பாகுமா என்னும் வினா அங்கே எஞ்சி நிற்கின்றது.

நம் நாட்டிலேயே இணக்கமான வழியும் காட்டப்பட்டுள்ளது. பழைய கோவாவில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாந்தா மோனிக்கா பெண்துறவியர் மடம், பின்னர் புதியோரைச் சேர்க்கத் தடை வந்தமையால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் கடைசித் துறவினியையும் இழந்தது. இன்று அவ்வளாகத்தில் கிறித்தவக் கலை அருங்காட்சியகம் இயங்குகின்றது. செப்பனிடும் பணிகள் முடிந்து 2022-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் துறவினியர்க்கான பயிற்சி நிலையமும் உண்டு. வாழ்வும் காட்சியும் ஒரு கூரைக்கீழ் அமைதல் இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

எது அருங்காட்சியகம் ஆகலாம்?

இச்சான்றுகளிலிருந்து ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம். உயிருள்ள மடத்தை அருங்காட்சியகமாக்குதல் கூடாது. உயிர் நீங்கிய மடத்தை அழிய விடுதலும் கூடாது.

திருவரங்கத்தில் ஜீயர் மடமும் ஆண்டவன் ஆசிரமமும் இன்றும் இயங்குகின்றன. பாடம் நடைபெறுகின்றது, பூசை நடைபெறுகின்றது. அவற்றிற்கு அருங்காட்சியகப் பெயர்பலகை தேவையில்லை. திருவரங்கக் கோயிலின் சீரமைப்புப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிட்டியது. வழிபாடு நிகழும் இடத்திலேயே முறையான பாதுகாப்பும் இயலும் என்பதை அது உலகிற்கு உணர்த்தியது. அதுபோலவே தாயுமானவரின் ஞானகுருவாகிய மௌனகுரு வீற்றிருந்த மரபினைச் சேர்ந்த திருச்சி மௌன மடமும், நத்ஹர்வலி தர்காவும் வழிபடுவோர்க்கே உரியன.

ஆனால் பெயர் மட்டும் எஞ்சி, பூட்டிய கதவும் முளைத்த அரசமரமுமாக நிற்கும் சிறு மடங்கள், சத்திரங்கள், தைக்காக்கள், துறவியர் இல்லங்கள் காவிரியின் இருகரையிலும் உள. அவற்றின் சுவரில் வேர் இறங்கி வருகின்றது. அவற்றின் மனைமதிப்போ நாள்தோறும் ஏறி வருகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே அவற்றிற்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது. இத்தகையனவே நாம் கருதும் கட்டடங்கள்.

சீரமைப்பா, சிதைப்பா?

சீரமைப்பு என்னும் பெயரால் நிகழும் சிதைப்பையும் சுட்டாமல் இருத்தல் இயலாது. பழங்கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தினால் ஆனவை. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் கொத்தனார்கள் அச்சாந்தை ஆக்கினர். அது சுவரின் ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு இட்டால் ஈரம் உள்ளே சிறைப்படுகின்றது. சில ஆண்டுகளில் உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து, பூச்சு பாளம் பாளமாக விழுகின்றது. கற்சுவர்களை மணல் வீச்சினால் தூய்மை செய்தமையால் கல்வெட்டுகள் தேய்ந்த கொடுமையும் தமிழ்நாட்டுக் கோயில்களில் நிகழ்ந்துள்ளது.

நம் சமுதாயத்துப் பெரியோர்களுக்கும் இவ்விடத்து ஒரு விண்ணப்பம் உண்டு. நம் ஊர்களில் பள்ளிவாசலை விரிவாக்குதல் என்பது பெரும்பாலும் பழையதை முற்றிலும் இடித்தல் என்னும் பொருளிலேயே வழங்கி வருகின்றது. தொழுவோர் தொகை பெருகும்போது இடம் வேண்டுவது நியாயமே. ஆயினும் கல் தூண்களும், மரவேலைப்பாடும், அரபுக் கல்வெட்டும் உள்ள முன்மண்டபத்தை நிறுத்திக்கொண்டு பின்புறம் விரிவாக்கும் வழியை எத்தனை நிர்வாகத்தார் எண்ணிப் பார்க்கின்றனர்? பளிங்குத் தளம் எந்த ஊரிலும் கிடைக்கும். திருச்சிக் கோட்டை இரயில் நிலையத்தருகே, ஹிஜ்ரி 116 (கி.பி. 734) ஆண்டினது என ஆய்வாளர் பலர் குறிக்கும் சிறு கல் பள்ளிவாசல் போன்ற ஒன்று வேறெங்கும் விலைக்குக் கிடைக்குமோ? பிற சமயத்தார் தம் மடங்களைக் காக்க வேண்டும் என நாம் எழுதும்போது, நம் தைக்காக்களின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும்.

எதைக் காட்சிக்கு வைப்பது?

கட்டடத்தைச் செப்பனிட்டுவிட்டு, எங்கிருந்தோ கொணர்ந்த சிலைகளால் அதை நிரப்புதல் பயனற்றது. ஒரு மடத்தில் அமையும் அருங்காட்சியகம் முதலில் அம்மடத்தின் கதையையே சொல்ல வேண்டும். அதனைக் கட்டியவர் யார், எவருக்குச் சோறிட்டது, எவருக்கு எழுத்தறிவித்தது, அதன் கணக்கேடுகளில் நெல்லும் எண்ணெயும் எவ்வளவு, எக்காரணத்தால் அங்கு விளக்கணைந்தது என்பனவெல்லாம் காட்சிக்குரியன. ஓலைச்சுவடிகளும், தைக்காக்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளும் அங்கு இடம்பெறுதல் வேண்டும்.

அடுத்து, சமயங்கள் ஒன்றையொன்று அறிந்து வாழ்ந்த வரலாறு அங்கு விளங்க வேண்டும். தாயுமானவர் பாடல்களோடு ஒப்பிட்டுப் பேசப்படும் பாடல்களைத் தந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, ஞானவழித் தீட்சை பெற்றது திரிசிரபுரத்தில் என அவர் வரலாறு கூறும். மௌனகுருவின் மாணவரும் சூபி ஞானியும் ஒரே நகரத்து மண்ணில் ஞானம் பெற்றனர் என்பதை நம் மாணவர் பாடநூலில் மட்டுமன்றிக் கண்ணாலும் கண்டுணர ஓரிடம் வேண்டாவா? மலைக்கோட்டைச் சமணப் படுக்கை முதல் நத்ஹர்வலி தர்கா வரை, இந்நகரத்துத் துறவியர் இல்லங்கள் அனைத்தின் வரலாற்றையும் ஒருங்கே கூறும் 'பள்ளி' அருங்காட்சியகம் ஒன்று, வெறுமையாக நிற்கும் ஒரு பழைய மடத்தில் அமையுமாயின், அது நாட்டிற்கே முன்மாதிரியாகும்.

இங்கு மற்றொன்றையும் மறத்தலாகாது. கல்லாலும் செங்கல்லாலும் கட்டியோரின் வரலாறு மட்டுமே வரலாறன்று. திருச்சிக்கு வடக்கே துறையூருக்கு அப்பால் எழும் பச்சைமலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்பதும், அவர்கள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பதும் அவர்களின் மரபுவழிச் செய்தி. அம்மக்கள் கோபுரம் எழுப்பவில்லை, செப்பேடு வெட்டவில்லை. அவர்களின் ஏடு நினைவே. அவர்களின் மண்டபம் கூரைவீடே. பச்சைமலையிலிருந்து கல்வி நாடித் திருச்சிக்கு வரும் மாணவன் அருங்காட்சியகத்தில் நுழையும்போது, அரசர்களின் வாளையும் துறவியரின் சுவடியையும் மட்டுமே கண்டு திரும்புதல் நன்றன்று. தன் பாட்டி சாமை குத்திய உலக்கையும், தன் மலைக்கதையும் அங்கு மதிப்புடன் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பசித்தோர்க்குச் சோறிடுவதே மடத்தின் பண்பு. அப்பண்பு அருங்காட்சியகத்திற்கும் உரியதாகட்டும்.

தடைகளும் விடைகளும்

வறுமை நிறைந்த நாட்டில் பாழ்மடத்திற்குப் பணம் செலவிடுதல் தகுமோ என்பர் சிலர். தக்க வினாவே. ஆனால் புதுக்கட்டடம் எழுப்பவும் பணம் வேண்டும். பழங்கட்டடச் சீரமைப்பில் செலவின் பெரும்பகுதி கொத்தனார், தச்சர், சிற்பி ஆகியோரின் கூலியாக உள்ளூரிலேயே தங்குகின்றது. மறைந்துவரும் சுண்ணாம்புத் தொழில் மறுவாழ்வு பெறுகின்றது.

உரிமைச் சிக்கல் பெரிதென்பர் வேறு சிலர். மடங்கள் பல இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்குட்பட்டவை. தைக்காக்கள் வக்ஃபுச் சொத்துகள். வேறு சில தனியார் அறக்கட்டளைகளின் வசம் உள்ளன. ஆதலின் எவருடைய சொத்தும் கை மாற வேண்டியதில்லை. உரிமை உரியவரிடமே நிற்க, பராமரிப்பையும் காட்சியையும் ஒப்பந்தத்தின் வழி அருங்காட்சியகத் துறையோ கல்வி நிறுவனமோ ஏற்கலாம். மரபுக் கட்டடங்களைக் காக்க ஓர் ஆணையம் அமைக்க வகைசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு 2012-இலேயே இயற்றியுள்ளது. சட்டம் உண்டு. அதனைப் பயன்படுத்துமாறு கேட்கும் குரல்தான் மெலிந்துள்ளது.

புனித இடம் சுற்றுலா இடமாகிவிடுமே என அஞ்சுவோரும் உளர். இவ்வச்சத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நுழைவுச்சீட்டும் சிற்றுண்டிக் கடையும் வந்தபின் அமைதி நீங்குதல் கண்கூடு. ஆதலால்தான் வழிபடுவோர் இருக்கும் இடத்தைத் தொடலாகாது என முன்னரே கூறினோம். அருங்காட்சியகமாகும் இடத்திலும் அடக்கத்தலமோ, வழிபட்ட திருவுருவோ இருப்பின், அங்கு வணங்க வருவோர்க்குக் கட்டணமின்றி வழிவிடுதல் வேண்டும்.

நம் பங்கு

அரசு செய்யட்டும் எனக் காத்திருத்தல் ஆகாது. தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறைக் காலங்களில் தத்தம் ஊரிலுள்ள ஒரு பழைய மடத்தையோ, தைக்காவையோ, சத்திரத்தையோ தேர்ந்து, அதன் அளவு, கல்வெட்டு, உரிமையாளர், இன்றைய நிலை ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். ஊர் முதியோர் கூறும் செய்திகளை அவர்தம் சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். ஆசிரியர்கள் அவற்றைச் சரிபார்த்துத் துறை நூலகத்தில் தொகுத்து வைக்கலாம். சமுதாயப் பெரியோர்கள் தம் பொறுப்பிலுள்ள பழைய கட்டடம் ஒன்றை இடிக்குமுன் அறிஞர் ஒருவரை அழைத்துக் காட்டுதல் என்னும் ஒரே ஒரு வழக்கத்தை மேற்கொண்டாலும் போதும். 1867-இல் நாகையில் இல்லாது போனது அவ்வொரு வழக்கமே.

சமணப் பள்ளி நகராயிற்று. பௌத்தப் பெரும்பள்ளி மண்ணாயிற்று. சோனகப் பள்ளி கல்வெட்டில் நிலைத்தது. இவற்றுள் எவ்விதி நம் காலத்துக் கட்டடங்களுக்கு வாய்க்கும் என்பது நாம் இன்று காட்டும் அக்கறையைப் பொறுத்தது. துறவியர் துறந்த வீட்டை நாமும் துறத்தல் தகாது. அதன் கதவைத் திறந்து, சுவரைச் செப்பனிட்டு, வருங்கால மாணவர் வந்து கற்கும் இடமாக்குவோமாயின், பள்ளி என்னும் பழஞ்சொல் தன் பொருள் குன்றாது மீண்டும் வாழும்.